ஆறு நூல், ஏழு நூல்: கிளட்ச் மாற்றுப் பாகங்களின் கதை

"அந்த வண்டியோடது இதுக்கும் சேரும்."

மெக்கானிக் கடைப் பக்கம் ஒரு தடவையாவது போனவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கேட்டதும் வண்டிக்காரருக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதி ஒரு மாதம் தாங்குமா என்பது வேறு விஷயம். ஹைட்ராலிக் கிளட்ச் விஷயத்தில் இந்த வாக்கியம் ஒரு காலத்தில் பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இப்போது பாதிதான் உண்மை. ஏன் உண்மையாக இருந்தது, எப்போது பொய்யாகத் தொடங்கியது என்று தேடிப் போனால், அதற்குள் இந்திய மோட்டார் தொழிலின் வரலாறே ஒளிந்திருக்கிறது!

கெலமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஓசூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சந்தையில் சரளமாகப் புழங்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் தக்காளி, கோஸ், ரோஜா எல்லாம் விளைகின்றன; பெங்களூரு சந்தைக்குக் காலையில் போய்ச் சேர வேண்டும் என்றால் ராத்திரியே வண்டி கிளம்ப வேண்டும். அந்த வண்டி நடுவழியில் கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றால், நஷ்டம் ஸ்பேர் பார்ட்ஸ் விலையோடு முடியாது. தக்காளி காத்திருக்காது. வண்டி புது மாடலாக இருந்தால் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோய் பல வருடம் ஆன மாடலாக இருந்தால்? அப்போதுதான் மேலே சொன்ன வாக்கியம் பிறக்கிறது.

முதலில், சாதனம் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிளட்ச் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் தள்ளப்படுகிறது. அது திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் போய் கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பிரஷர் பிளேட் விலகி எஞ்சினும் கியர் பாக்ஸும் பிரிகின்றன. அவ்வளவுதான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளெய்ஸ் பாஸ்கல் சொன்ன விதி, ஒன்பதாம் வகுப்போடு மறந்துபோகும் அந்த விதி, தினமும் ஆயிரம் தடவை காலடியில் வேலை செய்கிறது.

அதை வண்டிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி லாக்ஹீட் இருக்கிறதே, அதைத் தொடங்கிய ஆலன் லாக்ஹீடின் அண்ணன் இவர். தம்பி வானத்தைப் பார்த்தார், அண்ணன் பிரேக்கைப் பார்த்தார். 1921-இல் வந்த டியூசன்பெர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. ஆரம்ப காலத்தில் பிஸ்டனுக்கு முன்னால் இருந்த கப் வாஷர் தோலால் ஆனது, ஒழுகிக்கொண்டே இருந்தது. பிறகு அமெரிக்கப் பொறியாளர்கள் அதை ரப்பராக மாற்றினார்கள். 1924-இல் கிறைஸ்லர் காரில் அந்தத் திருத்திய பிரேக் வந்தது. அந்த ரப்பர் கப்தான் இன்று நாம் கடையில் "மைனர் கிட்" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்துக்குள் இருக்கும் சமாச்சாரம். கிளட்சுக்கு இந்த முறை பரவலாக வந்தது பிரேக்குக்குப் பிறகு, குறிப்பாக 1950-களில். அதுவரை கம்பியும் கம்பும் நெம்புகோலும்தான்.

கம்பை விட்டுக் குழாய்க்கு ஏன் மாறினார்கள்? எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்து ஆடுகிறது. மிதியோ பாடியில் ஆடாமல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விறைப்பான கம்பு இருந்தால் எஞ்சின் ஆட்டம் மிதிக்கு வரும், கிளட்ச் பிடிக்கும்போது வண்டி குதிக்கும். வளையும் குழாய் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தாலும் வலது பக்கம் இருந்தாலும் குழாயை வளைத்துக் கொண்டுபோய்விடலாம். முன்பக்கம் சாய்த்துத் திறக்கும் லாரி கேபின்களுக்கு இது இன்னும் அவசியம். கேபின் சாயும்போது கம்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் பாடியைச் சேர்ந்தது. ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸைச் சேர்ந்தது. ஒரே சாதனத்தின் இரண்டு முனைகள், இரண்டு வீட்டுக்குச் சொந்தம். ஒரு கம்பெனி ஒரு நாட்டு பாடியையும் இன்னொரு நாட்டு எஞ்சினையும் கல்யாணம் செய்து வைத்தால், சம்பந்தம் பேச வேண்டிய இடம் இந்தக் குழாய்தான். இந்தியாவில் அப்படிப்பட்ட கல்யாணங்கள் நிறைய நடந்தன.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கிளைக்கதை. ஒரே மாதிரி வண்டிகளுக்குள் பாகங்களை மாற்றிப் போடுவதே ஒரு காலத்தில் அதிசயம். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, எல்லாப் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்து, ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்து மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அரம் போட்டுத் தேய்ப்பது கூடாது, தட்டிச் சரிக்கட்டுவது கூடாது. பிறகு அந்த மூன்றையும் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சாதனைக்கு டியூவர் கோப்பை கிடைத்தது. அன்று ஒரே மாடலுக்குள் பாகம் சேர்ந்ததற்கே கோப்பை! வேறு வேறு மாடலுக்குள் சேர்க்கும் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு என்ன கொடுப்பது?

சரி, இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது: படிப்படியாக உள்நாட்டிலேயே பாகம் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம். அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் கிளம்பின. மிச்சம் இருந்தவை கைவிரலில் எண்ணக்கூடியவை. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மகிந்திரா, ஜாம்ஷெட்பூரில் டாட்டா, சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார், எண்ணூரில் அசோக் லேலண்ட். (1948-இல் ஆஸ்டின் கார் பூட்ட அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனிதான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது.)

வண்டி செய்பவர்கள் சிலர். அவர்களுக்குப் பாகம் செய்பவர்கள் அதைவிடச் சிலர். 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. கிர்லிங் வகை ஹைட்ராலிக் பிரேக்கும் கிளட்ச் சிலிண்டரும் இங்கேயே வார்க்கப்பட்டன. அதே ஆண்டு அதே பாடியில் சுந்தரம் கிளேட்டன், லாரி பஸ்களின் காற்று பிரேக்குக்காக. கனரக வண்டிகளில் கிளட்ச் மிதிக்குக் காற்றழுத்த உதவி தரும் சர்வோவும் பின்னாளில் அந்தப் பாரம்பரியத்திலிருந்துதான் வந்தது. (அந்தத் தொழில் வாப்கோவிடம் போய், 2020-இல் வாப்கோவையே ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியது தனிக் கதை.)

விளைவு என்ன? ஹிந்துஸ்தான்காரரும் ஸ்டாண்டர்ட்காரரும் ஒரே கதவைத் தட்டினார்கள். வண்டியின் முகம் வேறு, பெயர் வேறு. பானட்டைத் திறந்து பார்த்தால் சிலிண்டரின் உள்விட்டம் ஒன்று, ரப்பர் கிட் ஒன்று, குழாய் மரை ஒன்று. மாடலும் பத்து இருபது வருடத்துக்கு மாறாது. ஆக, "அந்த வண்டியோடது இதுக்கும் சேரும்" என்பது மெக்கானிக்கின் மேதைமை மட்டும் அல்ல. அரசாங்கக் கொள்கை அப்படி ஒரு உலகத்தை உண்டாக்கி வைத்திருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான். திறமை இருந்தது, அந்தத் திறமைக்கு வசதியான காலமும் இருந்தது.

இன்னொரு ரகசியமும் உண்டு. இந்தியா 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு வந்தது. இருந்தாலும் தச்சரும் பிளம்பரும் இன்றைக்கும் "ஆறு நூல் பைப்" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச். மாஸ்டர் சிலிண்டர்களும் அப்படித்தான். மேலே 15.87 என்று போட்டிருந்தால் அது ஐந்து நூல். 19.05 என்றால் ஆறு நூல். 22.2 என்றால் ஏழு நூல். 25.4 முழு இஞ்ச். மில்லிமீட்டர் வேஷம் போட்ட இஞ்சுகள்! இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கா மெட்ரிக் நாடுகளான ஜப்பானும் ஜெர்மனியும்கூட இதே அளவுகளைத்தான் நிறையப் பயன்படுத்தின. லாக்ஹீடின் உரிமத்தை 1920-களிலேயே இங்கிலாந்தும் ஜெர்மனியும் வாங்கிவிட்டன. ஜெர்மனியின் ஆட்டே கம்பெனி 1926-இல் ஆட்லர் காருக்கு லாக்ஹீட் வகை பிரேக் போட்டது. அமெரிக்க இஞ்ச் அப்படியே உலகம் சுற்றியிருக்கிறது. அதனால்தான் ஜப்பான் வண்டியின் ரப்பர் கப் பழைய இங்கிலீஷ் வண்டி சிலிண்டருக்குள் சில சமயம் கச்சிதமாக உட்காருகிறது.

1980-களில் கல்யாண சீசன் தொடங்கியது. 1984-இல் வந்த கான்டெஸாவுக்கு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் பாடி. முதலில் அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சின், பிறகு ஜப்பானின் இசுசு எஞ்சின். 1985-இல் பிரீமியர் 118 என்.இ: பாடி ஃபியட் 124 குடும்பம், எஞ்சினும் கியர் பாக்ஸும் நிசான். அதே 1985-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000: வெளியே பார்த்தால் ரோவரின் அழகான பாடி, உள்ளே ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காலத்து 1991 சிசி எஞ்சின். பட்டுப்புடவைக்குள் பழைய பாவாடை என்று கிண்டல் செய்யத் தோன்றும். விலையும் அதிகம், ஓட்டமும் சுகமில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கே இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்தன.

சின்ன லாரிகளிலும் இதே கதை. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று நான்கு ஜப்பான் கூட்டணிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இறங்கின. 1986-இல் டாட்டா 407 வந்து நின்றதும் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. ஆல்வின் நிசான் மகிந்திராவிடம் போனது. டி.சி.எம். டொயோட்டா 1990-களில் தேவூவாகி, பிறகு அதுவும் போனது. கம்பெனி போய்விட்டது. வண்டி போகவில்லை! நம்மூரில் ஒரு சின்ன லாரி இருபது வருடம் உழைக்கும். கம்பெனி அதுவரை இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. இப்படி அனாதையான வண்டிகள்தான் மாற்றுப் பாகக் கலையை வளர்த்தன. இது பழங்கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வந்த லேலண்டின் ஸ்டைல் வேன் 2015-லேயே நின்றது. நிசானோடு சேர்ந்து செய்த அந்த வண்டியை வாங்கியவர்களும் அதே வரிசையில்தான் வந்து நின்றார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஓசூர் பெரிதாகிறது. 1971-இல் சிப்காட் அமைப்பு உருவாகி, 70-களில் ஓசூரில் தொழில் வளாகம் வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை. அதே 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட். 1990-களில் லேலண்டின் கார்கோ லாரிகள் வந்தன: கேபின் ஐரோப்பாவின் ஃபோர்டு கார்கோ, எஞ்சின் இத்தாலியின் இவெகோ. அதுவரை லேலண்ட் லாரி என்றால் வெறும் சேஸியாக வாங்கி, கூண்டு கட்டும் பட்டறைக்கு ஓட்டிப் போவதுதான் வழக்கம். ஆலையிலேயே கேபின் பொருத்தி வந்தது கார்கோவில்தான். பிறகு இவெகோ எஞ்சினும் போனது, கார்கோவும் போனது; அந்த கேபின் மட்டும் வேறு பெயர் லாரிகளில் தொடர்ந்தது. கிளட்ச் செய்யும் ஜெர்மானிய லுக் நிறுவனத்தின் இந்திய ஆலையும் ஓசூரில்தான் அமைந்தது. 2018-இல் அது ஷாஃப்ளர் இந்தியாவோடு இணைந்தது. ஆக, வண்டியும் இங்கே, கிளட்சும் இங்கே. ஆனால் ஆலை வாசலில் சில்லறை வியாபாரம் கிடையாது. கெலமங்கலத்துக்காரருக்கு ஸ்பேர் வேண்டும் என்றால் ஓசூர் கடைகள். அங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு. பழைய பாகம் என்றால் சிவாஜிநகர். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300-க்கு மேல். சென்னை புதுப்பேட்டையின் புகழ் இங்கே செல்லுபடியாகாது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை நடுவில் மாநில வரி, செக்போஸ்ட் என்ற தொல்லையும் இருந்தது. பையில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர் போட்டு பஸ்ஸில் வருகிறவரை யார் நிறுத்துவார்கள் என்பது வேறு!

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான். இது புரிந்தால்தான் மாற்றுப் பாகம் எங்கே காலை வாரும் என்று தெரியும்.

ஒரு வேனில் மாஸ்டர் ஐந்து நூல், ஸ்லேவ் ஏழு நூல் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு சுமார் 198 சதுர மி.மீ., ஸ்லேவின் பரப்பு 388. மிதியை முழுக்க அழுத்தும்போது மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது. அப்படியானால் ஸ்லேவ் பிஸ்டன் நகர்வது 15.3 மி.மீ. இப்போது ஸ்லேவ் கெட்டுவிட்டது. கடையில் அதே மாதிரி கிடைக்கவில்லை. வேறு வண்டியின் ஸ்லேவ் கிடைக்கிறது. போல்ட் துளை ஒன்றேதான், நீளம் ஒன்றேதான், குழாயும் சேர்கிறது. ஆனால் உள்விட்டம் முழு இஞ்ச். பரப்பு 507. அதே மிதிக்கு இப்போது நகர்வது 11.7 மி.மீ.தான். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நகர்வு காணாமல் போய்விட்டது.

ஓட்டிப் பார்த்தால் முதலில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். மிதி முன்னைவிட லேசு! பரப்பு கூடினால் தள்ளும் விசை கூடும், அதனால் காலுக்குச் சுகம். வண்டிக்காரர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் கிளட்ச் முழுசாக விலகுவதில்லை. முதல் கியர் போடும்போது லேசாக ஒரு உறுமல். ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று சத்தம். எஞ்சின் சூடானதும் இன்னும் மோசம். டிரைவர் கியரைப் பலமாக இழுக்கப் பழகிக்கொள்கிறார். மெல்ல மெல்ல சிங்க்ரோ வளையம் தேய்கிறது. சில மாதம் கழித்து கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது, பழைய ஸ்லேவ் மாற்றம் யாருக்கும் நினைவிருக்காது. "டிரைவர் ஓட்டத் தெரியாம ஓட்டிட்டான்" என்று பழி அவர் தலையில் விழும். மாற்றுப் பாகத்தின் உண்மையான விலை இதுதான், இதற்கு பில் வருவதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். மாஸ்டரை ஆறு நூலாக மாற்றிவிட்டு ஸ்லேவை அப்படியே விட்டால் நகர்வு 15-லிருந்து 22 மி.மீ. ஆகிவிடும். இப்போது மிதி கல் மாதிரி இறுகும், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேவைக்கு மேல் வளையும், ஒருநாள் உடையும். ஒரு நாளைக்கு நூறு தடவை மிதிக்கும் டிரைவரின் இடது முழங்காலைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்லும். ஆகவே இரண்டையும் ஜோடியாக மாற்றுவது, அல்லது உள்விட்டம் பார்த்து மாற்றுவது. தெரிந்த மெக்கானிக் வெர்னியர் வைத்து அளப்பார். தெரியாதவர் போல்ட் துளையைப் பார்ப்பார். போல்ட் துளை பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையையும் சொல்லாது.

அடுத்தது மரை. இங்கிலாந்து வம்சத்து வண்டிகளின் குழாய் நட்டுகளில் பெரும்பாலும் இஞ்ச் மரை. எட்டில் மூன்று இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 சுற்று. ஜப்பான், ஐரோப்பிய வண்டிகளில் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எட்டில் மூன்று இஞ்ச் என்பது 9.5 மி.மீ. இஞ்ச் நட்டு மெட்ரிக் துளைக்குள் லொடலொடவென்று இறங்கும், இறுகுவதுபோல் பாவனை செய்யும், பிறகு ஒருநாள் அழுத்தத்தில் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். அழுத்தம் எவ்வளவு? காலில் 10 கிலோ, மிதியின் நெம்புகோல் ஐந்து மடங்கு, அதை 2 சதுர செ.மீ. பரப்பில் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 25 கிலோ. கார் டயருக்குள் இருப்பதைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு. குழாய் முனையின் மடிப்பும் இரண்டு ஜாதி: ஒன்று உள்பக்கம் மடிந்த இரட்டை மடிப்பு, இன்னொன்று காளான் தலை மாதிரி உருண்டது. ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்தால் ஒழுகும். கிளட்ச் ஒழுகினால் வண்டி நிற்காது, நகராது, அவ்வளவுதான். ஆனால் பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அங்கே கிளட்ச் ஒழுகுவதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் "பிரேக் ஆயில்" என்கிறோம். அது ஆயிலே இல்லை. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் இருப்பது கிளைகால் வகைத் திரவம். (டாட் என்பது 1966-இல் உருவான அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்.) தண்ணீரை உறிஞ்சும், பெயின்டை உரிக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. ஈரம் ஏறினால் அது 140, 155 என்று இறங்கிவிடும். இந்தத் திரவத்துக்கு ஏற்ற ரப்பரே சிலிண்டருக்குள் இருக்கிறது. பெயரில் ஆயில் இருக்கிறதே என்று யாராவது எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால், அந்த ரப்பர் ஊறி உப்பி, பிஸ்டனைத் திரும்ப விடாது. ஒரு தப்பான பெயர் எத்தனை மாஸ்டர் சிலிண்டரைக் கொன்றிருக்கும்! எதிர்ப்பக்கமும் உண்டு. சில பி.எம்.டபிள்யூ பைக்குகளில் பிரேக்குக்கு டாட் 4, கிளட்சுக்கு மினரல் ஆயில். ஒரே ஹேண்டில் பாரில் இரண்டு டப்பா, இரண்டு திரவம். அங்கே பிரேக் திரவத்தைக் கிளட்சுக்கு ஊற்றினாலும் அதே கதிதான்.

பழைய ஒழுங்கு எப்போது உடைந்தது? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; அதற்கு ஹைட்ராலிக் கிளட்சே இல்லை, கேபிள்தான். லட்சக்கணக்கான வண்டிகள் இந்தக் கதையிலிருந்தே விலகிப் போயின. 1991-க்குப் பிறகு கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் முறை எடுக்கப்பட்டதும் கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி என்று எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சப்ளையரை அழைத்து வந்தார்கள். ஒரே கதவு போய் ஐம்பது கதவு ஆனது. பழைய மெக்கானிக்கின் மனப்பாட அட்டவணை அங்கே தோற்றது.

பாகத்தைப் பூட்டி வைக்கும் புது வழக்கமும் வந்தது. கம்பெனி சர்வீஸுக்கு மட்டும் ஸ்பேர், வெளி மெக்கானிக்குக்கு இல்லை. இதன்மேல் புகார் போய், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. மாற்றுப் பாகம் போடுவதைத் திருட்டுத்தனம் மாதிரிப் பேசுகிறவர்கள் இந்த உத்தரவை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். சரியான பாகம் கடையில் கிடைத்தால் யார் அடுத்த வண்டியோடதைத் தேடி அலைவார்கள்?

இதற்கிடையில் ஸ்லேவ் சிலிண்டரே இடம் மாறிவிட்டது. பழைய வண்டியில் அது கியர் பாக்ஸுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இரண்டு போல்ட், ஒரு குழாய். கழற்றி, மாட்டி, ஏர் எடுத்து, அரை மணி நேரத்தில் வேலை முடியும். இப்போது பல மாடல்களில் அது வளையமாகி, ரிலீஸ் பேரிங்கோடு ஒட்டி, கியர் பாக்ஸின் கழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஃபோர்க் இல்லை, நெம்புகோல் இல்லை. ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும், ஒழுகின திரவம் கிளட்ச் பிளேட்டையும் நனைத்திருக்கும். அதற்குள் வேறு வண்டியின் பாகத்தைச் சேர்ப்பது என்றால் மில்லிமீட்டர் கணக்கில் உயரம், நகர்வு, பேரிங் விட்டம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒரு தடவை தப்பினால் இரண்டாம் முறையும் கியர் பாக்ஸ் இறக்கும் கூலி. அதனால் கியர் பாக்ஸை இறக்கியதும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், வளைய ஸ்லேவ் மூன்றையும் அதே மாடலுக்கு உரியதாக ஒன்றாக வாங்கி மாட்டிவிடச் சொல்கிறார்கள். வெளி ஸ்லேவ் உள்ள பழைய வேன்களுக்குத்தான் வெர்னியரும், ஆறு நூலா ஏழு நூலா என்ற விசாரணையும் மிச்சம் இருக்கின்றன.